தூங்க விடாத தண்டவாளம்

எங்க இடுக்கி ஜில்லாவுல ரயில் கிடையாது. பேச்சுக்குச் சொல்லல, நெசமாவே ஒரு முழம் தண்டவாளம் கிடையாது. வெள்ளக்காரன் காலத்துல மூணாறுல ஒரு குட்டி ரயில் ஓடுச்சாம், பெரிய வெள்ளம் வந்து அடிச்சுக்கிட்டுப் போயிருச்சாம். அதுல மிஞ்சினதுன்னு சொல்லி ஒரு தண்டவாளத் துண்டு எங்க சின்னக்கானல் தேயிலை ஃபாக்டரி வாசல்ல தொங்குது. கரண்ட் போய் சங்கு ஊதாத நாள்ல அத சுத்தியலால அடிச்சுத்தான் ஆளக் கூப்பிடுவோம். அறுபது வயசு வரைக்கும் எனக்கும் ரயிலுக்கும் இருந்த சம்பந்தம் அந்த ஒரு துண்டு இரும்புதான்.

நான் ஃபிட்டர் சாமுவேல். முப்பத்தஞ்சு வருஷம் அந்த ஃபாக்டரியில ரோலர், ட்ரையர், காத்தாடி எல்லாத்தோடயும் மல்லுக்கட்டினவன். மெஷின்ல சத்தம் மாறினா ஸ்க்ரூ டிரைவர் முனைய பேரிங் மேல வச்சு, பிடியக் காதுல வச்சுக் கேட்டு, இன்ன எடத்துல இன்ன கோளாறுன்னு சொல்லிருவேன். சத்தம்னா கோளாறு. நான் படிச்ச படிப்பு அவ்வளவுதான். ஷிப்ட் முடிஞ்சதும் என்ன சத்தம், என்ன செஞ்சேன்னு லாக் புக்குல எழுதுவேன். இப்ப மெஷின் இல்ல, எழுதற கை மட்டும் சும்மா இருக்க மாட்டேங்குது.

ரிட்டயர் ஆனா கம்பெனி குடுத்த லயத்து வீட்ட ஒழிச்சுக் குடுத்துரணும். எஸ்டேட்டுல எல்லாருக்கும் அதான் சட்டம். வேலை இருக்கற வரைக்கும்தான் கூரை. எனக்கு இந்த மாசக் கடைசி கெடு. அதுக்குள்ள எங்க போய் இருக்கறதுன்னு முடிவு பண்ணணும். ரெண்டே வழி. ஒண்ணு, போடியில சபை நடத்துற முதியோர் இல்லம். இன்னொண்ணு, பாலக்காட்டுக்குத் தெக்க, கொல்லங்கோடு பக்கத்துல எம் பொண்ணு ஜெபா வீடு. ஒரு வாரம் வந்து இருந்து பாருங்கப்பான்னு அவ போன் பண்ணினா. நானும் சரின்னேன். சொல்லறதுக்கு எவ்வளவு லேசா இருக்கு பாருங்க!

ஆறு வருஷமா நான் அந்த வீட்டு வாசப்படி மிதிக்கல. ஜெபா எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம கதிர்வேலக் கட்டிக்கிட்டா. அவன் தண்டவாளத்துல வேலை பாக்கறவன், கோயமுத்தூர்த் தமிழ் பேசற, வெள்ளாமை பண்ற காட்டுக்காரங்க வீட்டுப் பையன். நம்ம சபையில்ல, நம்ம சனமில்லன்னு நான் முறுக்கிக்கிட்டேன். எம் பொண்டாட்டி புஷ்பம் முறுக்கல. வருஷத்துக்கு மூணு தடவ பலகாரம் சுட்டு எடுத்துக்கிட்டுப் போவா. போனா ரெண்டே ராத்திரி. மூணாம் நாள் சாயங்காலம் லயத்து வாசல்ல வந்து நிப்பா. என்ன அதுக்குள்ளன்னு கேட்டா ஒரே பதில்தான்.

"வீட்ட ஒட்டித் தண்டவாளமுங்க. தடக் தடக்குன்னு போறப்ப கட்டிலே ஆடுது. ரெண்டு நாளா பொட்டுக் கண்ணு மூடல. மனுசி இருப்பாளா அங்க?"

எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோசம். பாத்தியா, ரயில்வேக்காரன் வீட்டு லட்சணத்தன்னு நெனப்பேன். வெளிய பெரிய மேதாவி மாதிரிச் சொல்லுவேன், "எங்கயோ நட்டு லூசா இருக்கும். ஒரு இறுக்கு இறுக்கினா சத்தம் போயிரும். அது கூடத் தெரியாம என்ன வேலை பாக்கறான் அவன்?"

"ஆமா, நீங்கதான் போய் இறுக்கி விடுங்களேன்" அப்படிம்பா. இது எங்களுக்குள்ள வருஷத்துக்கு மூணு தடவ நடக்கற பேச்சு. அவ போன அந்த ரெண்டு ராத்திரியும் நான் வீட்டுல படுக்கறதில்ல. ஃபாக்டரியில ட்ரையர் பக்கத்துல சாக்கு விரிச்சுப் படுத்துக்குவேன். கேட்டா டபுள் ஷிப்ட்டுன்னு சொல்லிருவேன். அவ செத்து ரெண்டு வருஷமாச்சு. அதுக்கப்புறம் வீட்டுலதான் படுக்கறேன், வேற என்ன செய்ய?

மொத நாள் கதைக்கு வர்றேன். மூணாறுலருந்து உடுமலைக்கு இறங்கற பஸ்ஸு சின்னாறு காட்டுக்குள்ள யானைக்காக நின்னுருச்சு. டூரிஸ்டு பயலுக சன்னலுக்கு வெளிய பாதி உடம்பத் தொங்க விட்டுப் படம் பிடிக்கறானுக. எங்க ஊருல யானை ரேஷன் கடைக்கே வந்து அரிசி தின்னுட்டுப் போகும், எனக்கு என்ன அதிசயம்? யானை நகர்ந்து பஸ்ஸு நகர்ந்து உடுமலை வந்தா, நான் ஏற வேண்டிய ரயில் போயிருச்சு. அடுத்த வண்டி சாயங்காலம். பிளாட்பாரத்துல ஒரு சிமெண்டு பெஞ்சில நானும் என் பையும் அஞ்சு மணி நேரம் உக்காந்திருந்தோம். மூணு டீ குடிச்சேன். மூணும் தூசித் தேயிலை, சாயம் மட்டும் எறங்குது, மணமே இல்ல. இதச் சொல்லிச் சலிச்சுக்க பக்கத்துல ஆளில்ல. புஷ்பம் இருந்தா, "குடிக்கறதக் குடிச்சுட்டு கொறை சொல்லாதீங்க" அப்படின்னிருப்பா.

ரயில் வந்துச்சு. சன்னலோர எடம் கெடச்சுது. சினிமாவுலயெல்லாம் ரயில்னா தடக் தடக்குன்னு பாட்டே பாடுமே, இது என்னடான்னா வழவழன்னு போகுது. கீழ ஒரு இரைச்சல், அவ்வளவுதான். எனக்குப் பொறுக்கல. பையிலருந்து ஸ்க்ரூ டிரைவர எடுத்து முனைய வண்டிச் சுவத்துல வச்சேன், பிடியக் காதுல வச்சேன். எதிர் சீட்டுல பழனிக்குப் போய் மொட்ட போட்டுக்கிட்டு வந்த ஒருத்தர், மண்ட நிறைய சந்தனம், என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"ஏனுங்க, காதுல ஏதாச்சும் நோவுங்களா?"

"இல்லங்க, சத்தம் கேக்கறேன். மொத தடவயா ரயில் ஏறறேன்."

"அட! இந்த வயசுலயா? நெசமாலுமுங்களா?" அப்படின்னு சிரிச்சவரு, பொட்டலத்தப் பிரிச்சு ஒரு துளி பஞ்சாமிருதம் குடுத்தாரு. அப்புறம் போன எடுத்துக் குனிஞ்சவருதான், எறங்கற வரைக்கும் நிமிரல.

பொள்ளாச்சிக்கு முன்னால ஒரு வளைவுல வண்டி கிறீச்சுன்னு கத்துச்சு. அது மட்டும் எனக்கு உடனே வெளங்கிருச்சு. லாரி வளைவுல திரும்பறப்ப வெளிப்பக்கச் சக்கரம் அதிகம் உருளணும், உள்பக்கச் சக்கரம் கம்மியா உருளணும். அதுக்குத்தான் நடுவுல டிபரென்சியல் பெட்டி. ரயிலுக்கு அந்தப் பெட்டி கிடையாது. ரெண்டு சக்கரமும் ஒரே அச்சுல இறுகிக் கெடக்கு. அப்ப வளைவுல ஒண்ணு தேய்ஞ்சு இழுபட்டுத்தானே ஆகணும்? இரும்பு மேல இரும்பு தேய்ஞ்சா கத்தாம என்ன செய்யும்? இத யார்கிட்டயாவது சொல்லணும்னு வாய் துறுதுறுன்னு வந்துச்சு. மொட்டக்காரரு வீடியோ பாத்துக்கிட்டு இருந்தாரு.

கொல்லங்கோட்டுல எறங்கினப்ப கதிர்வேல் பிளாட்பாரத்துல நின்னான். புஷ்பம் சாவுக்கு வந்தப்ப தூரத்துல நின்னதப் பாத்தது, அதுக்கப்புறம் இப்பத்தான்.

"வாங்க மாமா. பைய இப்படிக் குடுங்க" அப்படின்னு வாங்கினவன், பையோட கனத்துல ஒரு பக்கமாச் சாஞ்சுட்டான். "என்னங்க மாமா, உள்ள இரும்பா?"

ஆமா, இரும்புதான். ரிட்டயர் ஆகறவங்களுக்கு எல்லாரும் கடிகாரம் குடுப்பாங்க. எங்க ஃபாக்டரிப் பயலுக நட்டு இறுக்கற என்னோட பழைய பைப் ரிஞ்சையே எண்ணெய் போட்டுத் துடைச்சு, மாலையும் போட்டுக் குடுத்தானுக. அத வீட்டுல வச்சுட்டு வர மனசில்ல. உண்மையச் சொல்லணும்னா, அந்த வீட்டுக்கிட்ட இருக்கற நட்டு ஞாபகத்துலதான் எடுத்து வச்சேன்.

வீடு சின்ன ஓட்டு வீடு, சுத்தி மாந்தோப்பு, பின்னால முப்பது அடியில தண்டவாளம், கொஞ்சம் தள்ளி ஒரு ரயில்வே கேட்டு. ஜெபா வாசல்ல நின்னா. மெலிஞ்சிருந்தா. "வாங்கப்பா"ன்னா. நான் "ம்"னேன். ஆறு வருஷத்துக்கு அப்புறம் அப்பனும் மகளும் நேருக்கு நேராப் பேசிக்கிட்டது அவ்வளவுதான். உள்ள பின்பக்கச் சன்னல ஒட்டி ஒரு கட்டில். அம்மா வந்தா இதுலதான் படுப்பாங்கன்னா ஜெபா.

"இத அந்தப் பக்கம் தள்ளிப் போடு. உங்கம்மா மாதிரி நானும் ராவெல்லாம் முழிச்சுக் கெடக்கவா?"

ஜெபா ஏதோ சொல்ல வாயெடுத்தா. எம் மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்லல. ரெண்டு பேரும் கட்டிலத் தூக்கி உள் சுவர் ஓரமாப் போட்டாங்க.

ரெண்டாம் நாள் விடியக்காலம் ஊஊன்னு சத்தம். எந்திரிச்சேன், மப்ளரத் தலையில சுத்தினேன், செருப்ப மாட்டினேன், வாசல் தாண்டி மாந்தோப்புக்குள்ள பத்து எட்டு நடந்துட்டேன். அப்புறம்தான் இது ஃபாக்டரி சங்கில்ல, ரயிலோட ஊதல்னு உறைச்சுது. மப்ளரோட நடுத்தோப்புல நிக்கறேன், மேலெல்லாம் வேர்க்குது. நல்லவேளை, யாரும் பாக்கல. போறதுக்கு எந்த ஷிப்டும் இல்லன்னு அன்னைக்குத்தான் எனக்கு முழுசாப் புரிஞ்சுது.

கதிர்வேல் அஞ்சரைக்கே சுத்தியலும் ஸ்பேனரும் தோள்ல போட்டுக்கிட்டுக் கெளம்பிருவான். அவனுக்கு கீமேன்னு பேரு. அவன் பீட்டுல, அதாவது அவன் பங்குக்கு உள்ள தண்டவாளத்த தெனம் நடந்து பாத்து, கழண்டதத் தட்டி, ஒடஞ்சதச் சொல்லற வேலை. நானும் ஜெபாவும் மட்டும் வீட்டுல. அவ அரிசிம்பருப்புச் சாதம் பண்ணினா. சோத்தையும் பருப்பையும் ஒண்ணாப் போட்டு வேக வச்சு, மேல நெய் ஊத்தி, தொட்டுக்கத் தயிரு. எங்க பக்கம் கப்பக்கெழங்கும் கருவாட்டுக் கொழம்பும் தின்ன நாக்குக்கு இது வேற. நல்லாத்தான் இருந்துச்சு. நல்லாருக்குன்னு சொல்லல. வாய் வரைக்கும் வந்த வார்த்தைய சோத்தோட சேத்து முழுங்கினேன். ஜெபா பேச்சுல இப்ப வார்த்தைக்கு வார்த்தை "ங்க" ஒட்டியிருக்கு. வாசல்ல ஒரு கீரைக்காரிகிட்ட, "ஏனுங்கக்கா, ஒரு கட்டு போடுங்க"ங்கறா. எம் பொண்ணு கொரல்தான், ஆனா வேற யாரோ மாதிரி இருந்துச்சு.

சாப்பிட்டதும் எனக்கு வேலையே சத்தம் கேக்கறதுதான். ரயில் தூரத்துல வர்றப்ப ஒரு உறுமல். கேட்டுக்கிட்ட வந்ததும் தடக்-தடக், தடக்-தடக். ஒரு மூச்சு விடற நேரம் சும்மா. மறுபடி தடக்-தடக், தடக்-தடக். முன்பெட்டியோட பின்சக்கரம் ரெண்டு ஜோடி, அடுத்த பெட்டியோட முன்சக்கரம் ரெண்டு ஜோடி. கண்ண மூடிக்கிட்டே வண்டியில எத்தன பெட்டின்னு எண்ணிட்டேன். நாலு வண்டி போச்சு, நாலும் ஒரே எடத்துலதான் அடிச்சுது. முன்னாலயும் பின்னாலயும் வழவழன்னுதான் போச்சு. கேட்டுக்குக் கிழக்க நடந்து போய்ப் பாத்தேன். ரெண்டு தண்டவாளம் சேர்ற எடம், ரெண்டு பக்கமும் இரும்புப் பட்டை, நட்டும் போல்ட்டும். நடுவுல சுண்டு விரல் நுழையற அளவு சந்து! சரிதான், எம் பொண்டாட்டியத் தூங்க விடாத பய இவன்தான்னு நெனச்சேன்.

மூணாம் நாள் மத்தியானம். நல்ல பங்குனி வெயிலு, மாங்கொட்ட காயற வெயிலு. ஜெபா படுத்திருந்தா. நான் ரிஞ்ச எடுத்தேன். ஒரு விஷயத்த ஒளிக்காமச் சொல்லிர்றேன். தப்புன்னே எனக்குத் தோணல. எஸ்டேட்டுல எந்த மெஷின் கத்தினாலும் பக்கத்துல நிக்கற ஃபிட்டர் கை வைக்கலாம், வைக்கணும். யாரு மெஷின், எவன் டூட்டின்னு கேக்க மாட்டோம். தண்டவாளத்துக்குச் சொந்தக்காரன் இருப்பான்னு, ரயிலே இல்லாத ஜில்லாக்காரனுக்கு எப்படித் தோணும்? புஷ்பம், நீ சொன்ன நட்டு, இந்தா இறுக்கிர்றேன் பாரு. இத வாய்விட்டே சொன்னேன்.

மொத நட்டு கால் சுத்து வந்துச்சு. ரெண்டாவது அரைச் சுத்து. மூணாவதுல ரிஞ்சப் பிடிச்சேன்.

கேட்டுலருந்து ஒரு அலறல். கேட்டப் பாத்துக்கற சுமதி சேச்சி, செவப்புக் கொடியத் தூக்கிக்கிட்டு ஓடி வருது. மலையாளத்துலதான் கத்துச்சு. "கையை எடு! எடுன்னு சொல்றேன்ல! யாரு நீ? இது என்ன உங்க தறவாட்டுக் குடும்பச் சொத்தா, இஷ்டத்துக்குக் கழட்ட?"

"கழட்டலம்மா, இறுக்கறேன்" அப்படின்னேன் நான். இப்ப நெனச்சா எனக்கே சிரிப்பு வருது. அப்ப அந்தம்மா சிரிக்கல. என்னைய ஓரமா நிக்க வச்சுட்டு, ஓடிப் போய் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணி, வந்துக்கிட்டு இருந்த வண்டிய நிறுத்தச் சொல்லிருச்சு. அறுபது வருஷம் ரயிலே ஏறாதவன், ரயிலப் பாத்த மூணாம் நாள் ஒரு ரயில நிறுத்திட்டேன்.

கதிர்வேல் அரை மைலுக்கு அந்தப் பக்கமிருந்து சரளைக்கல்லு மேல ஓடி வந்தான். எம் மூஞ்சியப் பாக்கல. குத்த வச்சு உக்காந்து அந்த ரெண்டு நட்டையும் தன்னோட ஸ்பேனரால மெதுவா எளக்கினான். சந்த அளந்து பாத்தான். தடவிப் பாத்தான். சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சு கெடந்தான். அப்புறம்தான் வாய் தெறந்தான்.

"மாமா, என்ன வேலைங்க பண்ணிப்போட்டீங்க? இது லூசு இல்லீங்க. வேணும்னே உட்டிருக்கற எடமுங்க."

"வேணும்னேயா?"

"வெயிலுக்கு இரும்பு நீளுமுங்கல்ல? நீளறதுக்குச் சந்து வேணுமுங்க. பட்டைய அளவுக்கு மீறி இறுக்கிப்போட்டா தண்டவாளம் நகர முடியாம பக்கவாட்டுல வளைஞ்சுக்குமுங்க. வண்டி வந்தா அவ்வளவுதானுங்க. சக்கரம் அந்தச் சந்தத் தாண்டறப்ப குதிக்கற சத்தந்தானுங்க நீங்க கேக்கற தடக் தடக்."

"மத்த எடத்துல சத்தமே இல்லையே?"

"அங்கெல்லாம் ஒண்ணோட ஒண்ணு வெல்டு வச்சு மைல் கணக்குல ஒரே கம்பியாக்கிட்டாங்க. அடியில இருக்கற கட்டையும் சல்லியும் அத அமுக்கிப் புடிச்சிருக்குதுங்க. இந்த மாதிரி எடத்துல மட்டுந்தானுங்க சந்து. சத்தம் வந்தா எங்களுக்கு நிம்மதிங்க மாமா. வெயில் காலத்துல முச்சூடும் சத்தம் நின்னு போச்சுன்னாத்தான் ஈரக்கொலையே நடுங்குமுங்க."

முப்பத்தஞ்சு வருஷமா சத்தம்னா கோளாறுன்னு படிச்சவன் நான். இவன் அத அப்படியே திருப்பிப் போடறான். அங்க அப்படியே கல்லு மேல உக்காந்துட்டேன்.

சாயங்காலம் பெரிய எஞ்சினியர் ஒருத்தர் வீட்டுக்கு வந்தாரு. நரைச்ச மீசை. "பெரியவரே, தண்டவாளத்துல கை வச்சா என்ன கேஸ் தெரியுமா? உள்ள போட்டா வெளிய வர மாட்டீங்க." அப்புறம் கதிர்வேல் பக்கம் திரும்பினாரு. "உன் பீட்டு, உன் மாமனாரு. நீயே சொல்லிக் குடுத்துச் செஞ்சதுன்னு மேல நெனச்சா உன் வேலை என்னாகும்?"

கதிர்வேல் தலையக் குனிஞ்சு நின்னான். ஜெபா கதவுக்குப் பின்னால முந்தானைய வாயில வச்சுக்கிட்டு நின்னா. எம் புத்தியச் செருப்பால அடிக்கணும்னு தோணுச்சு. இருக்க எடம் தேடி வந்தவன், இருக்கறவங்க சோத்துலயும் மண்ணள்ளிப் போட்டுட்டேனே!

நடந்தத எழுதிக் குடுங்கன்னாரு. எனக்கு எழுதத் தெரிஞ்சது ஒரே முறைதான். எழுதினேன்:

"இடம்: கேட்டுக்குக் கிழக்கே உள்ள ஜாயிண்ட். கண்ட சத்தம்: தடக் தடக். செய்த வேலை: நட்டு இரண்டு, ஒன்று கால் சுற்று, ஒன்று அரைச் சுற்று இறுக்கப்பட்டது. தவறு: அது கோளாறு அல்ல என்று தெரியாதது. செய்தவர்: நான் மட்டும். என் மருமகன் கதிர்வேலுக்கு இது தெரியாது. சரி செய்தவர்: என் மருமகன் கதிர்வேல்."

ஆறு வருஷமா அவன் எனக்கு "அந்தப் பய", "ரயில்வேக்காரன்". மருமகன்னு அன்னைக்குத்தான் மொத மொதல்ல எழுதினேன், அதுவும் ரெண்டு தடவ. எஞ்சினியர் படிச்சாரு, திரும்பவும் படிச்சாரு. "லாக் புக் எழுதினவரா நீங்க?"ன்னாரு. ஆமான்னேன். ரொம்ப நேரம் மீசையத் தடவிக்கிட்டு இருந்தாரு. கடைசியில கதிருக்கு ஒரு எச்சரிக்கை மெமோவோட விட்டாரு. வேலை தப்பிச்சுது. என் ரிஞ்ச மட்டும் ஜீப்புல எடுத்துப் போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. மாலை போட்டுக் குடுத்த ரிஞ்சு.

ராத்திரிச் சாப்பாட்டுல "மாமா, ரசம் ஊத்திக்கோங்க"ன்னான் கதிர், அவ்வளவுதான். நாளைக்கு நான் கெளம்பறேன்னு சொன்னேன். யாரும் ஏன்னு கேக்கல. சுவரப் பாத்துப் படுத்தேன். போடி இல்லத்துல ஒரு ஹாலுக்கு எட்டுக் கட்டில்னு யாரோ சொன்னது ஞாபகம் வந்துச்சு. எட்டுக் கட்டில்னா எட்டுப் பேரோட குறட்டை, சத்தத்துக்குப் பஞ்சமிருக்காதுன்னு மனசத் தேத்திக்கிட்டேன்.

நாலாம் நாள் காலையில ஜெபாதான் ஸ்டேஷனுக்கு வந்தா. கதிருக்கு டூட்டி. பெஞ்சில ரெண்டு பேருக்கும் நடுவுல என் பை. இப்ப லேசாக் கெடந்துச்சு. வண்டி வர இன்னும் நேரமிருந்துச்சு. திடீர்னு ஜெபா கேட்டா, தரையப் பாத்துக்கிட்டே.

"எதுக்குப்பா அப்படிச் செஞ்சீங்க? எங்க மேல உள்ள கோவத்துலயா?"

"கோவமா? அட கூறு கெட்டவளே! உங்கம்மாவுக்காகச் செஞ்சேன். இங்க வந்தா அவ ரெண்டு ராத்திரியும் தூங்க மாட்டாள்ல? சத்தத்துல கண்ணு மூடலன்னு ஒவ்வொரு தடவையும் மூணாம் நாளே ஓடி வந்துருவாள்ல? செத்தப்புறமாவது அந்த நட்ட இறுக்கிருவோம்னுதான்..."

ஜெபா நிமிந்து என்னையப் பாத்தா. "யாரு, அம்மாவா?"

"பின்ன யாரு?"

"அப்பா, அம்மா இங்க வந்தா ராத்திரி எட்டரை வண்டி தாண்டறதுக்குள்ள குறட்டை விட்டுரும்ப்பா. பகல்லயும் தூங்கும். சன்னல் பக்கம்தான் வேணும், அந்தச் சத்தம் தாலாட்டற மாதிரி இருக்குன்னு சொல்லும். இவுக கூட அத்தை கும்பகர்ணனுக்குத் தங்கச்சின்னு கேலி பண்ணுவாக. மூணாம் நாள் நாந்தான் எழுப்பி பஸ் ஏத்துவேன். இன்னும் நாலு நாள் இரும்மான்னு கால்ல விழாத கொறையாக் கெஞ்சியிருக்கேன். இருக்காது. உங்கப்பன் அங்க தூங்காமக் கெடப்பாரு புள்ள, நான் போறேன்னு சொல்லிரும்."

வண்டி வந்துருச்சு. எப்படி ஏறினேன்னு எனக்கு ஞாபகமில்ல. ஜெபா சன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு, "சாப்பிட்டுருங்கப்பா"ன்னு ஒரு தூக்குச் சட்டிய நீட்டினா. வண்டி நகர்றப்ப அவ கை என் கை மேல இருந்துச்சு. அப்புறம் இல்ல.

முதலமடை போச்சு, மீனாட்சிபுரம் போச்சு. நான் அப்படியே உக்காந்திருந்தேன். ட்ரையர் பக்கத்துல நான் சாக்கு விரிச்சுப் படுத்தத யாரு அவகிட்டச் சொன்னது? வாச்சர் பொண்டாட்டியா? பக்கத்து லயத்துக்காரியா? டபுள் ஷிப்ட்டுன்னு நான் சொன்ன பொய்ய அவ ஒரு தடவ கூட எடுத்துக் கேக்கல. அதுக்குப் பதிலா தானும் ஒரு பொய்யச் சொல்லி, பழிய ரயில் மேல போட்டுட்டா. தூக்கம் வராதவன் நான். அவ இல்லாத வீட்டுல நாலு சுவரும் கம்முனு இருக்கறதத் தாங்க முடியாம மெஷின் சத்தத்துக்குப் பக்கத்துல போய்ப் படுத்தவன் நான். அத மூஞ்சிக்கு நேரா சொன்னா இந்த முறுக்குக்காரன் அடிபட்டுப் போவான்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. நல்லாத் தூங்கற எடத்த விட்டுட்டு, எனக்காக மலையேறி வந்திருக்கா, வருஷத்துக்கு மூணு தடவ. புஷ்பம், அடி கள்ளி! கண்ணுல தண்ணி நிக்கல. எதிர்ல ஒரு அம்மா தன் கொழந்தைய அந்தப் பக்கம் திருப்பி உக்கார வச்சுக்கிட்டா.

பொள்ளாச்சியில தூக்குச் சட்டியத் தெறந்தேன். அரிசிம்பருப்பு. மேல நெய். ஒரு பருக்கை விடாமத் தின்னேன். வண்டி கெளம்பி ஸ்டேஷன் எல்லை தாண்டறப்ப கீழ தடக்-தடக், தடக்-தடக். எண்ண ஆரம்பிச்சேன்.

யாரோ தோளத் தட்டினாங்க. டிக்கெட் பரிசோதகர். "பெரியவரே, எங்க எறங்கணும்?"

"உடுமலைங்க."

"உடுமலையா! பழனியே தாண்டியாச்சு. இது ஒட்டன்சத்திரம். நல்ல ஆளுங்க நீங்க, எந்திரிங்க, எறங்குங்க மொதல்ல."

எறங்கினேன். தெரியாத ஊரு, வெயிலு, தக்காளிக் கூடை அடுக்கின பிளாட்பாரம். எதிர்த்த வண்டி எப்பன்னு கூட விசாரிக்கல. போன எடுத்து ஜெபாவக் கூப்பிட்டேன்.

"என்னப்பா, மூணாறு பஸ் கெடச்சுதா?"

"இல்ல. ஒட்டன்சத்திரத்துல நிக்கறேன்."

"ஒட்டன்சத்திரமா? அங்க எதுக்குப் போனீங்க? என்னாச்சுப்பா?"

"தூங்கிட்டேன் புள்ள."

அந்தப் பக்கம் அவ மூக்க உறிஞ்சற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"மாசக் கடைசிக்குள்ள சாமானோட வந்துர்றேன்"னு சொன்னேன். "மருமகன் டூட்டி முடிஞ்சு வந்ததும் அந்தக் கட்டில மறுபடி சன்னல் பக்கத்துல போடச் சொல்லு."